நகக்கண்ணில் இரத்தக்கட்டு: வீட்டிற் செய்யத்தக்கதும் செய்யத்தகாததும்

இணைபிரியாதவர்களை ‘நகமும் சதையும் போல்’ என்று சொல்லுவது நம் நாட்டு வழக்கு. அவ்விரண்டிற்கும் நடுவே சிறிது இரத்தம் புகுந்துவிட்டால் உண்டாகும் வேதனை எத்தகையதென்பதைக் கடப்பாரையும் சம்மட்டியும் பிடித்துப் பழகிய குடியானவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவ்வேதனை எதனால் உண்டாகிறது, அதனை வீட்டிலேயே தணிப்பது எங்ஙனம், எந்நிலையில் வைத்தியரை நாடுவது இன்றியமையாதது என்பவற்றைத் தெளிவாக அறிந்தவர் சிலரே. இப்பாடம் அவற்றை விளக்கும்பொருட்டு எழுதப்படுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆண்டு முழுவதும் கைக்கு வேலை உண்டு. ஆத்தூர், கெங்கவல்லி, ராசிபுரம் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி வண்டியேற்றும்பொழுதும், நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் மஞ்சள் வெட்டியெடுக்கும்பொழுதும், பரமத்திவேலூர், மோகனூர் ஆகிய காவிரிக்கரை ஊர்களில் கரும்புக் கட்டுகளை ஏற்றியிறக்கும்பொழுதும், கிணற்றுக் குழாய்களைத் தூக்கி மாட்டும்பொழுதும், கோழிப்பண்ணையின் இரும்புக் கதவைச் சாத்தும்பொழுதும் விரல் நுனி நசுங்குதல் அடிக்கடி நேர்வதாகும். மாடு கட்ட முளையடிக்கையில் சம்மட்டி தவறி இடக்கைப் பெருவிரலில் விழுதலும், டிராக்டரோடு டிரெய்லரை இணைக்கையில் கொக்கிக்கும் இரும்புச் சட்டத்திற்கும் நடுவே ஆட்காட்டி விரல் அகப்படுதலும் இவற்றுள் மிகச் சாதாரணமானவை.

இத்தகைய காயத்தை அற்பமென்று அநேகர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது தானே ஆறிவிடுவதும் உண்மையே. ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. நகம் மாத்திரம் கன்றியிருந்தால் அதனைப் பொறுமையுடன் காத்து வருவதே சிகிச்சை. எலும்போ நகவேரோ சிதைந்திருந்தால், அதே பொறுமை விரலுக்குக் கேடாக முடியும். இவ்வேற்றுமையை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் பயன்.

1. நகத்தின் அமைப்பு

நாம் கண்ணாற் காணும் நகம் கொம்பைப் போன்ற கடினமான ஒரு தகடு. அதற்கு உணர்ச்சி இல்லை. ஆகையினாலேயே அதனை வெட்டும்பொழுது நோவு தோன்றுவதில்லை. தகட்டின் அடியில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மெல்லிய சதைப்பரப்பு ஒன்று உண்டு. அதனை நகப்படுகை என்பர். நகத்தின் அடிப்பாகம் தோலுக்குள் மறைந்திருக்கிறது. அங்கேதான் நகவேர் அமைந்துள்ளது. பெருவிரல் நகத்தின் அடியிற் காணும் வெள்ளைப் பிறை, அவ்வேரின் வெளித்தோன்றும் பகுதியேயாகும். புதிய நகம் முழுவதும் இவ்வேரினின்றே உண்டாகி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. எனவே, நகம் முழுவதும் கழன்று போயினும் வேர் பழுதின்றி இருக்குமாயின் புதிய நகம் முளைத்தே தீரும். வேர் கிழிந்து, தையலின்றி ஆறுமாயின், பிளந்ததும் கோணலுமான நகமே வாழ்நாள் முழுவதும் வளரும்.

நகப்படுகைக்கு நேர் கீழே விரலின் கடைசி எலும்பு இருக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே, உடலின் பிற இடங்களிற் போலக் கொழுப்புத் திரட்சி இல்லை. ஆகவே நகத்தின்மேல் விழும் அடி எலும்பையும் எளிதிற் சென்று தாக்கும்.

2. அடிபட்டவுடன் நிகழ்வது

விரல் நசுங்கியவுடன் நகப்படுகையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைகின்றன. கையில் வேறெங்கேனும் அடிபட்டால் கசியும் இரத்தம் சுற்றிலுமுள்ள சதையில் பரவித் தங்குவதற்கு இடமுண்டு. நகத்தின் அடியிலோ மேலே கடினமான தகடும் கீழே எலும்பும் இருப்பதால், இரத்தம் அங்கேயே தேங்கி அழுத்தத்தை உண்டாக்குகிறது. நாடித் துடிப்பு ஒவ்வொன்றிற்கும் அவ்வழுத்தம் ஏறியிறங்குவதனாலேயே ‘விண் விண்’ என்று தெறிக்கும் வேதனை தோன்றுகிறது. கையைத் தொங்கவிட்டால் நோவு மிகுதலும், உயர்த்திப் பிடித்தால் குறைதலும் இதனாலேயே.

தேங்கிய இரத்தம் முதலிற் செந்நீலமாகவும், பின்னர்க் கருநீலமாகவும், சில நாட்களில் கறுப்பாகவும் தோற்றமளிக்கும். கறுத்துவிட்டதனாலேயே விரல் அழுகுகிறது என்று அஞ்ச வேண்டுவதில்லை. உறைந்து காய்ந்த இரத்தத்தின் நிறமே அது.

3. முதல் கால் மணி நேரத்திற் செய்ய வேண்டியவை

முதலாவது, வேலையை நிறுத்த வேண்டும். ‘இந்தக் கட்டை மாத்திரம் ஏற்றிவிட்டு வருகிறேன்’ என்று தொடர்வதால் இரத்தக் கசிவு பெருகும். வலியினால் கவனம் சிதறி மற்றொரு விபத்து நேர்தலும் உண்டு.

இரண்டாவது, அந்தக் கையிலுள்ள மோதிரம், வளையல், கட்டியுள்ள கயிறு ஆகியவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தால் வீக்கத்தினால் மோதிரம் கழலாமற் போகும். பிறகு அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியிராது.

மூன்றாவது, ஓடும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கையைக் கழுவி, மண், சாணம், எண்ணெய்ப் பிசுக்கு முதலியவற்றை அகற்றி நன்கு உற்றுப் பார்க்க வேண்டும். தோல் கிழிந்துள்ளதா, நகத்தின் ஓரம் பெயர்ந்துள்ளதா, விரல் கோணலாய் இருக்கிறதா, நுனிக்கணுவை மடக்கவும் நிமிர்த்தவும் முடிகிறதா, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்பவற்றைச் சோதித்தல் வேண்டும். விரல் நுனியின் சதைப்பக்கத்தை மெல்ல அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறம் பெறுமாயின் இரத்த ஓட்டம் செவ்வையாக இருக்கிறதென்று கொள்ளலாம்.

நான்காவது, தோல் கிழிந்து இரத்தம் வடியுமாயின் சுத்தமான துணியை வைத்து 10 நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்து மறுபடியும் ஒழுகும்.

4. குளிர்ச்சி, உயர்வு, ஓய்வு

தோல் கிழியாமல் நகம் மாத்திரம் கன்றியிருந்தால், வீட்டுச் சிகிச்சை இம்மூன்றில் அடங்கும்.

குளிர்ச்சி: பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி, விரலின்மேல் 10 முதல் 15 நிமிஷம் வரையில் வைத்து எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வைக்கலாம். முதல் நாள் முழுவதும் இவ்வாறு பலமுறை செய்வது நலம். பனிக்கட்டியைத் தோலில் நேரே படும்படி வைத்தல் கூடாது. அது தோலை வெந்த புண்போலாக்கும். தோட்டத்திற் பனிக்கட்டி ஏது என்று கேட்கலாம். மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி, சூடேறியதும் மாற்றிக்கொண்டு வருதலும் போதிய பயனைத் தரும். குளிர்ச்சியினால் இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கசிவு குறைகிறது. நோவும் மரத்துப் போகிறது.

உயர்வு: நடக்கையில் கையை மார்புக்கு மேலாக மடித்து வைத்துக்கொள்ள வேண்டும், துண்டினால் கழுத்தில் தூளி கட்டிக்கொள்ளலாம். படுக்கையில் இரண்டு தலையணைகளின்மேல் கையை வைத்து உறங்க வேண்டும். முதல் இரவு தூக்கம் வருவதற்கு மாத்திரையைக் காட்டிலும் இதுவே பெரிதும் உதவும்.

ஓய்வு: அடிபட்ட விரலை அடுத்த விரலோடு மெல்லிய துணி வைத்து இறுக்கமின்றிக் கட்டி வைக்கலாம். நகத்தின்மேல் மெத்தென்ற துணியைச் சுற்றினால் எங்கேனும் இடித்துக்கொள்ளாமற் காக்கும். இறுக்கிக் கட்டுவது இரத்த ஓட்டத்தைத் தடுக்குமாதலால் ஆகாது.

வலி தாங்கவொண்ணாததாயின், பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒன்று, வேண்டுமாயின் இரண்டு, 6 மணி நேரத்திற்கு ஒருமுறை உட்கொள்ளலாம். ஒரு நாளில் 6 மாத்திரைக்கு மேற்படாதிருத்தல் நலம். ஈரல் நோயுள்ளவரும் மதுப்பழக்கமுள்ளவரும் வைத்தியரைக் கேளாமல் அதனை உட்கொள்ளலாகாது. ஆஸ்பிரின் இரத்தக் கசிவை நீட்டிக்குமாகையால் இவ்வலிக்கு அது ஏற்றதன்று. குழந்தைகளுக்கு அதனை ஒருபொழுதும் கொடுக்கலாகாது. இருதய நோய்க்காக அதனை நாடோறும் உட்கொள்பவர் தாமாக நிறுத்தாமல், வைத்தியரிடம் அச்செய்தியைத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கு எம்மருந்தின் அளவும் உடல் எடையைப் பொறுத்தது. வைத்தியர் சொல்லும் அளவே கொடுக்க வேண்டும்.

5. ஊர் வழக்கங்களில் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

நம் பெரியோர் கையாண்ட முறைகள் யாவும் பயனற்றவை என்று தள்ளுவது நியாயமன்று. யாவும் நன்மை தருவன என்று கொள்வதும் நியாயமன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

புளிப்பற்று: புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்து, இரத்தக்கட்டின்மேல் சூடாகப் பூசுவது வீடுதோறும் உள்ள வழக்கம். முதல் நாளில் சூடு இரத்தக் குழாய்களை விரியச் செய்து கசிவை மிகுவிக்கும். ஆதலின் அன்று அது வேண்டா. 2 நாள் கழிந்தபின், தோல் கிழியாதிருந்தால், இளஞ்சூட்டில் இடும் பற்றினால் இதமுண்டாகலாம். கிழிந்த தோலில் இடுவது எரிச்சலையும் புண்ணையும் தரும்.

சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுதல்: சுண்ணாம்பு காரமுள்ளது, நகவோரத்து மெல்லிய தோலை அரித்துவிடும். தள்ளத்தக்கது.

சாணம், மண், புகையிலை, மண்ணெண்ணெய், வண்டி மசை ஆகியன: இவை முற்றிலும் தள்ளத்தக்கவை. சாணமும் மண்ணும் பின்னர்க் கூறப்போகும் இரணஜன்னிக் கிருமி தங்குமிடங்கள்.

எலுமிச்சம்பழம் செருகுதல்: நகச்சுற்று என்பது நகவோரத்திற் கிருமி புகுந்து சீழ் கட்டும் நோய். அதற்கு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலிற் செருகுவது வழக்கம். நசுங்கிய விரலில் இருப்பது சீழன்று, இரத்தம். வீங்கிவரும் விரலைப் பழத்தினுள் செருகி அடைத்து வைப்பதால் பயனில்லை. வீக்கம் வளர்வதையும் நிறம் மாறுவதையும் காண முடியாமற் போவதே மிச்சம்.

ஊசியைக் காய்ச்சி நகத்தைத் துளைத்தல்: இதைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நகத்தில் சிறு துளையிட்டுத் தேங்கிய இரத்தத்தை வெளிப்படுத்துவது வைத்தியர்களும் செய்யும் முறையே. நகத்துக்கு உணர்ச்சியில்லாமையால், செவ்வனே செய்யப்படின் நோவு தோன்றாது. இரத்தம் வெளிப்பட்ட கணமே வேதனை தணியும். பெரும்பாலும் அடிபட்ட 2 நாட்களுக்குள் இது செய்யப்படும். அதன்பின் இரத்தம் உறைந்து, வலியும் தானே தணிந்துவிடுவதால் தேவைப்படுவதில்லை. இத்தனையும் உண்மையாயிருக்க, வீட்டில் செய்யலாகாது என்பதேன்? அடியில் எலும்பு முறிந்திருக்கிறதா என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. முறிந்த எலும்பின்மேல் துளை விழுந்தால், கிருமிகள் எலும்புவரையில் செல்லுதற்கு வழி திறந்துவிட்டவராவோம். தையலூசி சற்று ஆழச் சென்றால் நகப்படுகை கிழியும். அடுப்புச் சூட்டினால் ஊசி முழுதும் தூய்மையாகிவிட்டதென்று கொள்வதற்கும் இல்லை. முறை நல்லதாயினும், அதற்குரிய கருவியும் கையும் வைத்தியசாலையில் உள்ளன.

நகத்தைப் பிடுங்குதல்: கன்றிய நகம் தன் அடியிலுள்ள புண்ணுக்கு இயற்கையாக அமைந்த கட்டு. அதனைப் பிடுங்குவது ஆறிவரும் புண்ணின் கட்டை அவிழ்த்து மண்ணில் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

6. வைத்தியரை நாட வேண்டிய குறிகள்

கீழ்க்கண்ட குறிகளுள் ஒன்றேனும் காணப்படின் அன்றைத் தினமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

(அ) விரல் கோணியிருத்தல். அல்லது நுனிக்கணுவை மடக்கவோ நிமிர்த்தவோ முடியாமை.

(ஆ) நகத்தில் பாதிக்கு மேல் கறுத்து, குளிர்ச்சியும் உயர்வும் மாத்திரையும் கொடுத்தபின்னும் தெறிக்கும் வலி தணியாமை.

(இ) நகம் பிளந்திருத்தல், ஓரம் பெயர்ந்திருத்தல், அல்லது நகத்தின் அடிப்பாகம் தோலுக்கு மேலே எழும்பி வெளிவந்திருத்தல். குழந்தைகளுக்குக் கதவிடுக்கில் விரல் அகப்படுகையில் இது நேரும். வெளிக்குச் சிறு காயமாகத் தோன்றினும், உள்ளே எலும்பின் வளரும் பகுதி முறிந்திருத்தல் கூடும்.

(ஈ) தோல் ஆழமாகக் கிழிந்திருத்தல். அழுத்திப் பிடித்தும் இரத்தம் நில்லாமை. மண்ணோ சாணமோ கழுவியும் போகாமை.

(உ) விரல் நுனி வெளுத்தோ நீலித்தோ குளிர்ந்திருத்தல், மரத்துப்போதல்.

(ஊ) நீரிழிவு நோயாளராயிருத்தல், அல்லது இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவராயிருத்தல். நீரிழிவுள்ளவருக்குச் சிறு புண்ணும் எளிதில் சீழ்ப்பிடிக்கும். நரம்புணர்ச்சி குறைந்திருப்பதால் வலியும் தோன்றாது. ‘வலியில்லையே’ என்று அவர்கள் ஆறுதலடைதல் தகாது.

இவையன்றி, 2 நாளுக்குப் பின் வலி குறைவதற்குப் பதிலாக மிகுதல், விரல் சிவந்து சூடாதல், சீழ் வடிதல், சிவந்த கோடு கைமேல் ஏறுதல், காய்ச்சல் காணுதல் ஆகியவை கிருமி புகுந்ததற்கு அடையாளங்கள். இவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

சாதாரணக் காயத்திற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். எலும்பு முறிவோ நகவேர்க் கிழிவோ இருக்குமென்று தோன்றினால், எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துத் தையலிடும் வசதியுள்ள அரசு வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல்லில் 2022-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையும் இருக்கின்றன. கரும்பாலையிலோ பெல்ட்டிலோ கை அகப்பட்டது போன்ற பெருங்காயத்திற்கு, 2008 முதல் நம் மாநிலத்தில் நடைபெற்றுவரும் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

விரல் நுனி துண்டிக்கப்பட்டிருந்தால், அத்துண்டைத் தூய ஈரத்துணியிற் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியிட்ட தண்ணீரில் வைத்து நோயாளியுடனே கொண்டு செல்ல வேண்டும். துண்டு பனிக்கட்டியில் நேரே படலாகாது. பெயர்ந்து விழுந்த நகத்தையும் எறிந்துவிடாமல் உடன் எடுத்துச் செல்க. நகப்படுகையை மூடுதற்கு வைத்தியர் அதனைப் பயன்படுத்தக்கூடும்.

7. இரணஜன்னி

மண்ணோடும் மாட்டோடும் பழகும் குடியானவர் இந்நோயைப் பற்றி அறிந்திருத்தல் மிக அவசியம். இதனைத் தனுர்வாதம் என்றும் கூறுவர். இதற்குக் காரணமான கிருமியை 1889-ஆம் ஆண்டில் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானிய வைத்தியர் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அக்கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் சாணத்திலும் நெடுங்காலம் அழியாமற் கிடக்கும். காற்றுப் புகாத, நசுங்கிய சதையுள்ள காயம் அவை முளைப்பதற்கு ஏற்ற நிலம். காயம்பட்டு 3 நாள் முதல் 21 நாள் வரையிலான காலத்தில் நோய் தோன்றுவது வழக்கம். வாய் திறக்க முடியாமல் தாடை இறுகுதல் பெரும்பாலும் முதற்குறி. பின்னர்க் கழுத்தும் முதுகும் விறைத்து உடல் வில்லாக வளையும். ஒருமுறை இந்நோய் கண்டு பிழைத்தவரையும் அது மறுமுறை தாக்கும். தடுப்பூசியன்றி வேறு காப்பு இல்லை.

பிரசவத்தை ஒட்டித் தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணஜன்னி இந்தியாவில் பொதுநலப் பிரச்சினையாக இல்லாதவாறு ஒழிக்கப்பட்டதென்று 2015-ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டது. கருவுற்ற பெண்களுக்குத் தடுப்பூசி தவறாமற் போடப்படுவது அதற்கு ஒரு முக்கிய காரணம். அவ்வாய்ப்பு ஆடவருக்கில்லை. பள்ளிப் பருவத்திற்குப் பின் ஒருமுறையேனும் ஊசி போட்டுக்கொண்டோமா என்பதே நினைவில்லாத நடுவயதினர் ஊர்தோறும் இருக்கின்றனர். விதி எளியது: முழு முறையில் ஊசி போட்டுக்கொண்டவர் 10 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். மண் படிந்த காயமாயின், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலே போட்டுக்கொள்வது தக்கது. நினைவில்லாதவர் போடாதவராகவே எண்ணப்படுவர். அவருக்கு வேறோர் ஊசியும் சேர்த்துத் தேவைப்படலாம். கடைசி ஊசி போட்ட தேதியை நிலச் சிட்டாவோடு ஒரு தாளில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

8. நகம் கழன்று புதிதாய் வளர்தல்

பெருங்கட்டாயிருந்தால் சில வாரங்களில் பழைய நகம் ஓரத்தில் பெயர்ந்து, பின்னர்த் தானே கழலும். பெயர்ந்த பகுதியை மாத்திரம் சுத்தமான வெட்டியால் நறுக்கிவிடலாம். ஒட்டியுள்ளதை இழுத்தல் கூடாது. நகம் கழன்ற இடத்தில் வாஸலின் தடவி, ஒட்டாத மெல்லிய துணியால் மூடி, நாடோறும் மாற்றி வந்தால் சில நாட்களில் அவ்விடம் காய்ந்து கடினப்படும்.

நகம் வளரும் வேகத்தை அளந்தறிந்த வரலாறு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. அமெரிக்க வைத்தியராகிய வில்லியம் பீன் என்பார் தம் இடக்கைப் பெருவிரல் நகத்தில் மாதந்தோறும் ஒரு கோடு கீறி, அது நுனியை அடையும் நாளைக் குறித்து வந்தார். இங்ஙனம் 35 ஆண்டுகள் பார்த்துவந்த கணக்கை 1980-இல் வெளியிட்டார். அவருடைய 32-ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67-ஆம் வயதில் 0.095 மில்லிமீட்டரே வளர்ந்தது. கைநகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும் என்று நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே அடியினின்று நுனிவரை புதிய நகம் நிரம்ப ஏறக்குறைய 6 மாதமாகும். கால்நகம் மெதுவாக வளர்வதால் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை செல்லும்.

இக்கணக்கினால் மற்றொரு பயனும் உண்டு. இரத்தக்கறை நகத்தோடு சேர்ந்து முன்னோக்கி நகரும். நாளடைவில் அதற்குப் பின்னே வெண்மையான நல்ல நகம் தோன்றும். அடிபட்ட நினைவே இல்லாமல் நகத்திற் கருங்கோடு தோன்றி, மாதங்கள் சென்றும் நகராமல் அகன்றுகொண்டே போகுமாயின், அல்லது கருமை நகவோரத் தோலிலும் படருமாயின், அது அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோயாக இருக்கக்கூடும். தோல் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

9. வேலைக்குத் திரும்புதலும் உரியோர் கடமையும்

நகம் மூடாத விரலோடு வேலைக்குத் திரும்புவோர் சில விஷயங்களில் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். பூச்சிமருந்து கலக்குதலும் தெளித்தலும் புண் ஆறும்வரை பிறரிடம் விடத்தக்கவை. நகமற்ற சதையின் வழியே நஞ்சு எளிதில் உட்செல்லும். கோழிப்பண்ணையில் எச்சம் வாருவோரும் முட்டை பொறுக்குவோரும் விரலை மூடி, நீர் புகாத கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சீழ்ப்பிடித்த விரலோடு பால் கறந்தால் மாட்டின் மடிக்கும் பாலுக்கும் கேடு வரும். சேற்று வயலில் இறங்குவோர் கட்டு நனைந்தவுடன் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதுவது எளிது; கடைப்பிடிப்பது கூலிக்காரருக்கு எளிதன்று. ஒரு நாள் ஓய்வு அவருக்கு ஒரு நாட்கூலியின் இழப்பு. அறுவடைக் காலத்தில் வலியை மறைத்துக்கொண்டு வேலை செய்வோர் பலர் உண்டென்பதை நிலமுடையோர் அறிவர். தம் தோட்டத்தில் விரல் நசுங்கியவரை அன்றைய கூலியோடு அனுப்பி, தாமே வண்டியேற்படுத்தி வைத்தியரிடம் சேர்ப்பிப்பது நிலமுடையோர் கடமை. மறுநாள் விரலுக்கு வேலையில்லாத காவல், கணக்கு, நீர் திருப்பல் போன்றவற்றைக் கொடுத்தால் கூலியும் போகாது, விரலும் கெடாது. 2 நாள் ஓய்வு கொடுக்க மனமில்லாமல் 2 மாத வேலைக்கு ஆளை இழப்பது கணக்கறிந்தோர் செய்கையன்று.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இது விஷயத்திற் செய்யக்கூடியவை சில உள்ளன. ஊராட்சி அலுவலகத்தில் சோப்பு, சுத்தமான கட்டுத்துணி, ஒட்டுத்துணி, கத்தரி, பிளாஸ்டிக் பைகள், பாரசிட்டமால் ஆகியவை அடங்கிய பெட்டியொன்றை வைத்திருக்கலாம். அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இரணஜன்னித் தடுப்பூசி போடும் நேரத்தை அறிவிப்புப் பலகையில் எழுதுவிக்கலாம். கிராம சபை கூடும் நாளில் இப்பாடத்தின் 6-ஆம் பகுதியை உரக்கப் படித்துக் காட்டினால் எழுத்தறியாதாரும் பயன் பெறுவர்.

10. வருமுன் காத்தல்

முளையடிக்கையில் முளையைக் கையாற் பிடியாமல் நீண்ட கிடுக்கியாலோ கவைக்கொம்பாலோ பிடிக்க வேண்டும். டிராக்டரில் டிரெய்லரைப் பூட்டுகையில், வண்டி முற்றிலும் நின்று தடை போட்டபின்னரே ஆணியைச் செருக வேண்டும். கொக்கித் துளைகள் நேராக அமைந்தனவா என்பதை விரலை விட்டுப் பார்த்தல் ஆகாது, குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். குழாய், கல், மூட்டை முதலியவற்றை இருவர் தூக்கினால் இறக்குவதற்குமுன் ஒருவரே குரல் கொடுக்க வேண்டும். சுமையேற்றும் வேலைக்குத் தடித்த கையுறை நல்லது. சுழலும் இயந்திரத்தினருகே கையுறையும் தொங்கும் துண்டும் ஆகா, அவை கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பெல்ட்டுக்கும் பல்சக்கரத்திற்கும் மூடி போடாத இயந்திரத்தை ஓட்டாதிருப்பதே சிறந்த வைத்தியம்.

சுருக்கம்

நகம் மாத்திரம் கன்றியிருந்தால்: மோதிரத்தைக் கழற்றுக, கழுவுக, குளிர்ச்சி கொடுக்க, கையை உயர்த்தி வைக்க, நகத்தைப் பிடுங்காமலும் துளைக்காமலும் காக்க. விரல் கோணினாலும், மடங்காவிட்டாலும், மரத்தாலும், நகவேர் பெயர்ந்தாலும், தோல் ஆழக் கிழிந்தாலும், வலி தணியாவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. இரணஜன்னி ஊசியின் தேதியை நினைவில் வைக்க. கறுத்த நகத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. 6 மாதம் பொறுத்தால் புதிய நகம் வந்து சேரும். வேர் கெட்டபின் எத்தனை ஆண்டு பொறுத்தாலும் பழைய நகம் வாராது. நாற்றின் வேரைக் காக்கத் தெரிந்த குடியானவர் தம் நகத்தின் வேரையும் காத்துக்கொள்வாராக.